கல்லான கடலும் கடல்கொண்ட நிலமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் நண்பர் ஒருவர் நெடுங்கவிதை ஒன்றை வாசித்தார். குமரிக்கண்டத்தைப் பற்றிய கவிதை அது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கற்களில் பதிந்து கிடக்கும் சிப்பிகளையும் சங்குகளையும் சாட்சிக்கு அழைத்து, 'கடல்கொண்ட நாட்டின் கண்ணீர்த் துளிகள்' என்று அவற்றை வருணித்து முடித்தார். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பின்னரே உறுத்தல் தொடங்கியது. அந்தச் சிப்பிகளில் ஒன்று என் மேசையில் தாள்கள் பறக்காமலிருக்க வைக்கும் கல்லாக நாற்பது ஆண்டுகளாகக் கிடக்கிறது. அது எந்தக் கடலில் வாழ்ந்தது, எப்போது வாழ்ந்தது என்பது எனக்கு ஓரளவு தெரியும். தெரிந்தும் அன்று வாய் திறக்கவில்லை. பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, அன்று சொல்லாததை இன்று எழுதிவிடலாம் என்று தோன்றியது. நண்பர் பொறுத்தருள வேண்டும். அவருடைய கவிதையின் மீது எனக்குப் பகை இல்லை. சாட்சியை விசாரிக்க மட்டுமே விரும்புகிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் பாடாலூரை ஒட்டிக் கிழக்கே திரும்பினால் ஊட்டத்தூர் வரும். அங்கிருந்து காரை, கருடமங்கலம் வழியாக அரியலூர் வரையிலும், அதற்கு அப்பால் செந்துறைப் பக்கம் வரையிலும் செல்லும் நிலப்பரப்பில் பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்து கிடக்கின்றன. அடியில் உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது என்பது பாறையடுக்கியலின் முதல் விதி. அடுக்குகள் கிழக்கே சரிவதால், மேற்கே பழைய அடுக்குகளின் விளிம்பும் கிழக்கே புதிய அடுக்குகளின் விளிம்பும் தரையில் தலைகாட்டுகின்றன. ஆகவே மேற்கிலிருந்து கிழக்காக நடப்பவன் காலத்தின் ஊடே நடக்கிறான். பாடாலூர்ப் பக்கத்துக் கருங்கல்லிலிருந்து புறப்பட்டுச் சில கல் தொலைவு நடந்தால் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடற்கரையை மிதிக்கலாம். அரியலூரைத் தாண்டி நினியூர் சென்றால் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டு என்னும் எல்லைக்கோட்டைக் கடந்துவிடலாம். உலகில் இவ்வளவு குறுகிய தொலைவில் இவ்வளவு நீண்ட கடல்வரலாறு திறந்து கிடக்கும் இடங்கள் மிகுதியாக இல்லை.

இந்தக் கடல் எவ்வாறு வந்தது? இந்தியா, அண்டார்ட்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென் அமெரிக்கா ஆகியவை ஒரே பெருநிலமாக ஒட்டிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. கோண்டுவானா என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் கிழக்கு விளிம்பு அண்டார்ட்டிகாவை விட்டு விலகத் தொடங்கியது. பிளவுண்ட விளிம்பில் நிலம் பாளம் பாளமாகச் சரிந்து தாழ்ந்தது. அவ்வாறு தாழ்ந்த பள்ளங்களுள் ஒன்றே இன்று காவிரிப் படுகை எனப்படுவது. முதலில் ஆற்று மணலும் களிமண்ணும் அதில் நிறைந்தன. தெரணிக் களிமண்ணில் அக்காலத்துச் செடிகளின் இலைகள் அச்சுப் பிசகாமல் பதிந்து கிடக்கின்றன. பிறகு கடல் புகுந்தது.

புகுந்த கடல் ஆழமற்றது. பிளவுண்ட நிலத்தின் உயர்ந்த விளிம்புகளில், ஆற்றுச் சேறு வந்து கலங்காத தெளிந்த நீரில், வெயில் அடிவரை இறங்கிய இடங்களில் உயிர்கள் வீடு கட்டத் தொடங்கின. பவளங்கள், சுண்ணாம்பை உடலில் சேர்க்கும் செம்பாசிகள், சிப்பிகள், பிரையோசோவா என்னும் கூட்டுச் சிற்றுயிர்கள் ஆகியவை கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தத்தம் ஓட்டையும் கூட்டையும் செய்துகொண்டன. இறந்தவற்றின் மேல் இருப்பவை வளர்ந்தன. உடைந்தவற்றின் தூள் இடுக்குகளை நிரப்பியது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக உயர்ந்து கடலடியில் அகன்ற மேடையாகப் பரவிய கட்டடத்தைத்தான் நிலவியலார் சுண்ணாம்பு மேடை என்கிறார்கள். மலை தேய்ந்து மணல் ஆவதைப் போன்றதன்று இது. இங்கே கல் என்பது முழுக்க முழுக்க உயிரின் உழைப்பு. கல்லை உயிரற்றதற்கு உவமை கூறும் நம் பழக்கம் கருங்கல்லுக்குப் பொருந்தலாம். சுண்ணாம்புக் கல்லுக்குப் பொருந்தாது.

அம்மேடையின் மிகப் பழைய பகுதி கல்லக்குடியில் இருக்கிறது. 1939இல் தொடங்கிய சிமெண்டுத் தொழிலின் காரணமாக அவ்வூர் டால்மியாபுரம் என்று வழங்கலாயிற்று. 1953இல் அந்தப் பெயரை நீக்கக் கோரி நடந்த போராட்டத்தையும், மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்ததையும் இம்மலரைப் படிப்போர்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. புகைவண்டி நிலையத்துக்கு இன்று கல்லக்குடி பழங்காநத்தம் என்றே பெயர். ஆயினும் நிலவியல் நூல்களில் அந்தப் பாறைத் தொகுதிக்கு டால்மியாபுரம் படிவம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அறிவியலில் ஒருமுறை வைத்த பெயரை எளிதில் மாற்றுவதில்லை. தண்டவாளத்தில் வென்ற பெயர் பாறையில் தோற்றது என்பதை ஒரு வேடிக்கையாக மட்டும் குறித்து நகர்கிறேன்.

கல்லக்குடிச் சுரங்கத்தின் சுவரில் பவளமும் பாசியும் பின்னிய வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் ஓங்கி நிற்கிறது. அந்தப் பவளமேடை என்றென்றும் வாழவில்லை. கடல்மட்டம் உலகெங்கும் உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. நீர் ஆழமாயிற்று, சேறு வந்து படிந்தது, வெயிலுக்கு ஏங்கும் உயிர்கள் மூச்சடைத்தன. மேடை சேற்றுக்குள் மூழ்கியது. அந்தச் சேறே காரைக் களிமண். காரை கிராமத்துக்கு அருகில் மரமின்றி, புல்லின்றி, மழைநீர் அரித்த ஓடைகளால் கீறுண்டு கிடக்கும் செம்மஞ்சள் பொட்டலைக் கண்டவர் மறக்க மாட்டார். அங்கே வெயிலில் மின்னுவது கண்ணாடி அன்று, ஜிப்சம். அதனூடே பென்சில் முனை போன்ற குச்சிகள் கிடக்கும். பெலம்னைட் என்னும், கணவாய்க்கு உறவான உயிரின் உள்ளோடு அது. சுருண்ட ஆட்டுக்கொம்பு போன்ற அம்மோனைட்டுகளும் கிடைக்கும். நம் வீட்டுப் பூசையறைச் சாளக்கிராமத்துள் இருக்கும் சுருளும் அம்மோனைட்டின் சுருளே. ஆனால் அது நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருவது, காரைச் சுருளினும் மூத்தது.

காரைக்கு மேலே உள்ள தொகுதி திருச்சிராப்பள்ளித் தொகுதி. கருடமங்கலத்துச் சிப்பிக்கல் இதைச் சேர்ந்தது. கரும்பழுப்பு நிறத் தளத்தில் வெண்ணிறச் சிப்பிகளும் சுருள்களும் நெருங்கிப் பதிந்த அக்கல்லை மெருகேற்றி, திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்ற பெயரில் அணிப்பொருள்கள் செய்தனர். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அடிமரமும் இத்தொகுதியிலேயே உள்ளது. 1940இல் அதை உலகுக்கு அறிவித்தவர் நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். கடற்படிவில் மரம் எப்படி வந்தது என்று கேட்கலாம். கரையில் வளர்ந்த மரத்தை ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்தது. அது நீர் ஊறி மூழ்கிற்று, அவ்வளவே.

இனி என் மேசைச் சிப்பிக்கு வருகிறேன். அரியலூருக்குக் கிழக்கே கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அவ்வூரை அறிந்தவர் பலர். அதன் சுற்றுப்புறத்தில் இரண்டாம் முறையாகக் கடலடியில் ஒரு சுண்ணாம்பு மேடை எழுந்தது. காலம் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன். முதல் மேடை எழுந்து மூழ்கி 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. இம்முறை மேடை கட்டியவர்கள் வேறு. பவளம் இங்கே தலைமைக் கொத்தன் அன்று. கிரைஃபியா என்று முன்னாளில் வழங்கிய தடித்த சிப்பி, இனோசெராமஸ் என்னும் வரியோடிய பெருஞ்சிப்பி, பிரையோசோவா, ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிர்கள் ஆகியவையே இங்கு வேலையாட்கள். சில அடுக்குகளில் கிரைஃபியா சிப்பிகளைத் தவிர வேறொன்றும் இல்லையோ என்னும்படி அவை அடைந்து கிடக்கும். அறுவடை முடிந்த களத்தில் கொட்டிய நெல்லைப் போல என்று சொல்லலாம். அச்சிப்பியின் ஓர் ஓடு ஆழமான கிண்ணம். மற்றொன்று அதற்கு மூடி. கிண்ணத்தை மென்சேற்றில் பதித்து, மூடியைச் சற்றே திறந்து, நீரை வடித்து உண்டு அது வாழ்ந்தது. ஓட்டின் கனத்தில் ஆண்டு வரிகள் தெரிகின்றன. என் சிப்பியில் விரல் வைத்தால் அவ்வரிகள் படிக்கட்டுகளாகத் தட்டுப்படும்.

ஏன் பவளத்தின் இடத்தில் சிப்பி? விடை நிலத்தின் இருப்பிடத்தில் உள்ளது. அன்று தமிழகம் இன்றிருக்கும் இடத்தில் இல்லை. இந்தியா ஒரு தனித் தீவாக, நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே, வடக்கு நோக்கிய பயணத்தில் இருந்தது. அந்தக் குளிர்ந்த நீருக்கும் சேறு கலந்த அடித்தளத்துக்கும் பவளத்தைவிடச் சிப்பியும் பிரையோசோவாவும் ஏற்றவை. கல்லங்குறிச்சிக் கடல் தமிழ்க்கடல் அன்று என்பதை இதற்குமேல் வலியுறுத்த வேண்டியதில்லை. அதற்கு மொழி இல்லை, பெயர் இல்லை, காணும் கண் இல்லை. மனித இனம் தோன்றி மூன்று இலட்சம் ஆண்டுகள் என்கிறார்கள். ஏழு கோடிக்கு முன்னால் மூன்று இலட்சம் என்பது, இருநூறு பக்க நூலில் கடைசிப் பக்கத்தையும் முழுதாக நிரப்பாது.

இந்தக் கடலுக்கு முதலில் பெயர் வைத்த கதை சுவையானது. 1840களின் தொடக்கத்தில் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாகிய சிப்பிகளைச் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து, ஐரோப்பாவின் கிரெட்டேஷியஸ் காலப் பாறைகளுக்கு இணையானவை என்று 1846இல் அறிவித்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் இப்பகுதி முழுவதையும் அலைந்து அளந்து 1862இல் நூல் வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறைகளை மூன்று தொகுதிகளாக வகுத்தவர் அவரே. நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் அந்த மூன்று பெயர்களும் நிற்கின்றன. பிற்காலத்தில் அவர் வானிலை ஆய்வுக்குச் சென்று, 1875இல் அரசின் முதல் வானிலை அலுவலராகி, இமயத்தின் பனியைக் கொண்டு பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முயன்றார். கல்லில் பழங்கடலைப் படித்தவர் வானில் வரப்போகும் நீரையும் படிக்க முற்பட்டார்.

பிளான்ஃபோர்டும் துறையினரும் திரட்டிய படிவங்களை விளக்கும் பெரும்பணி ஒரு மொராவிய இளைஞரிடம் வந்தது. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1838இல் பிறந்தவர். 1862இல் கல்கத்தா வந்தார். அம்மோனைட்டுகள், சங்கு நத்தை வகைகள், சிப்பிகள், கடல் முள்ளெலிகள், பவளங்கள் என்று ஒவ்வொன்றையும் வரைந்து, அளந்து, பெயரிட்டு 1873க்குள் நான்கு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். தென்னிந்தியப் பழங்கடலின் நிகண்டு அது. நிகண்டாசிரியர் சொல்லைத் தொகுப்பது போல அவர் உயிரைத் தொகுத்தார். பணி முடிந்த மறு ஆண்டே, யார்க்கந்துத் தூதுக்குழுவோடு சென்று திரும்புகையில், உயரமலைக் காற்றின் நோயால் 1874 ஜூன் 19ஆம் நாள் லடாக்கின் முர்கோவில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. லே நகரில் அவருக்கு நினைவுத்தூண் உள்ளது. ஸ்டோலிச்காயா என்று ஓர் அம்மோனைட் இனத்துக்கே அவர் பெயர் இடப்பட்டிருக்கிறது.

அவர் வைத்த பெயர்களுள் எனக்குப் பிடித்தது 'அரியலூரென்சிஸ்'. அரியலூரைச் சேர்ந்தது என்று பொருள். இன்று அனபாக்கிடிஸ்கஸ் அரியலூரென்சிஸ் எனப்படும் அந்த அம்மோனைட் பின்னர் மடகாஸ்கரிலும் ஜப்பானிலும் கண்டெடுக்கப்பட்டது. ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் ஹொக்கைடோவின் ஓடைக்கரையில் குனிந்து ஒரு கல்லை எடுத்து, நம் ஊரின் பெயரை இலத்தீன் ஒலியில் முணுமுணுக்கிறார். காரப்பாடியும் இவ்வாறே காரப்பாடைட்டஸ் என்னும் இனப்பெயராகிக் கடல் கடந்தது. இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து 1025இல் கடாரத்துக்குப் படை அனுப்பினான். அதே மாவட்டத்துச் சிற்றூர்களின் பெயர்கள் படையின்றியே அதனினும் தொலைவு சென்றிருக்கின்றன.

இப்போது நண்பரின் கவிதைக்கு வருவோம். அந்தக் கவிதையின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடியபோது எனக்குக் கிடைத்த விடை வியப்பூட்டியது. அரியலூர்ச் சிப்பிக்கும் லெமூரியாவுக்கும் மெய்யாகவே ஓர் உறவு உண்டு. ஆனால் அது நண்பர் நினைத்த உறவு அன்று.

மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்னும் விலங்குக்கு உறவானவை இந்தியாவிலும் கிழக்காசியத் தீவுகளிலும் காணப்படுவதை விளக்க, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய ஒரு நிலம் இருந்திருக்கலாம் என்று 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் எழுதினார். லெமூரியா என்ற பெயர் அவர் தந்தது. பதினோர் ஆண்டுகள் கழித்து, அதாவது 1875இல், இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையே பெருங்கடல் நிலம் ஒன்று இருந்தது என்று நிலவியல் முறையில் வாதிட்டுக் கட்டுரை படைத்தவர் யார் தெரியுமா? நம் ஹென்றி பிளான்ஃபோர்டே. அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று, தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதியின் உம்தஃபூனி ஆற்றங்கரைப் படிவங்கள். அங்கே விவரிக்கப்பட்ட 35 வகைகளுள் 22, தென்னிந்திய வகைகளே என்று ஸ்டோலிச்காவும் கிரீஸ்பாக்கும் காட்டியிருந்தனர். கரையோரச் சிப்பியும் நத்தையும் ஆழ்கடலைக் கடக்க மாட்டா. ஆழமற்ற கரையோரமாகத்தான் பரவும். ஆகவே இரு நாடுகளையும் இணைத்த நிலக்கரை ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய தருக்கம். கண்டங்கள் நகரும் என்று எவரும் ஏற்காத காலம் அது. நிலம் எழும் அல்லது அமிழும். வேறு வழி இல்லை. அந்த எல்லைக்குள் நின்று பார்த்தால் பிளான்ஃபோர்டின் வாதத்தில் குறை காண இயலாது.

அங்கிருந்து கதை திசைமாறியது. மனிதன் தோன்றிய தொட்டில் லெமூரியாவாக இருக்கலாம் என்று ஜெர்மானிய உயிரியலறிஞர் ஹெக்கல் எழுதினார். பிரம்மஞான சபையைச் சார்ந்த ஸ்காட் எலியட் 1904இல் எழுதிய லெமூரிய நூலில் பிளான்ஃபோர்டைச் சான்று காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தமிழறிஞர் சிலர் இக்கருத்தைக் கண்டு, சிலப்பதிகாரத்தில் வரும் பஃறுளியாற்றோடும் குமரிக்கோட்டோடும், நாற்பத்தொன்பது நாடுகள் கடல்கொள்ளப்பட்டதாக அடியார்க்குநல்லார் தரும் உரையோடும் இதைப் பொருத்தினர். கந்தபுராணத்தில் வேறு பொருளில் வழங்கிய குமரிகண்டம் என்ற சொல் இதற்குப் பெயராயிற்று. ஆக, கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சிப்பி கல்கத்தா சென்று, நேட்டாலோடு ஒப்பிடப்பட்டு, இலண்டனில் ஒரு கண்டமாகி, அடையாறு வழியாகத் தமிழ்நாட்டுக்கே கவிதையாகத் திரும்பி வந்திருக்கிறது. நண்பர் அதைக் கண்ணீர்த்துளி என்றபோது, தான் கடன்பட்டது யாருக்கு என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

சாட்சி என்ன சொல்கிறது? முதலாவது, பிளான்ஃபோர்டின் நிலமே மயோசீன் காலத்தோடு முடிந்துவிடுவது. அது முடிந்து 50 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அவர் கணக்கின்படியே பார்த்தாலும் அந்நிலத்தில் பாண்டியன் ஆண்டிருக்க முடியாது. இரண்டாவது, ஃபிரான்ஸ் கோஸ்மாட் 1895 முதல் 1898 வரை இதே தென்னிந்திய அம்மோனைட்டுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, பசிபிக் கரைகளோடும் அவற்றுக்கு நெருங்கிய உறவு இருப்பது புலப்பட்டது. நேட்டால் உறவுக்கு ஒரு கண்டம் வேண்டுமென்றால் ஹொக்கைடோ உறவுக்கு எத்தனை கண்டங்கள் வேண்டும்? மூன்றாவது, 1912இல் வெகனர் சொன்னதும், 1960களில் கடலடி ஆய்வுகள் உறுதி செய்ததும். இடையில் இருந்த நிலம் மூழ்கவில்லை. இருபக்கத்து நிலங்களும் விலகிச் சென்றன. மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். அதாவது திருச்சிராப்பள்ளித் தொகுதி கடலில் படிந்துகொண்டிருந்த நாட்களில். நேட்டாலும் மடகாஸ்கரும் அரியலூரும் அன்று அண்டைக் கடற்கரைகள். அண்டை வீட்டார் முகம் ஒத்திருப்பதற்குப் பாலம் தேட வேண்டியதில்லை. மொரீஷியஸ் தீவின் அடியில் பழைய கண்டத்தின் சிறு துண்டு புதைந்திருப்பதற்கான தடயம் 2013இல் வெளியானது உண்மை. அது பிரிவின்போது சிதறிய துண்டு. அதுவும் மனிதனுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முந்தியது.

அப்படியானால் கடல்கோள் மரபு முழுப் பொய்யா? நான் அவ்வாறு கருதவில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே ஓரளவு நிலம் வெளியே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருக உருகக் கடல் ஏறியது. அப்போது மனிதர்கள் இருந்தனர். அதன்பின்னும் கரையூர்கள் கடலுக்குள் போனதுண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஐ நாமே கண்டோம். மரபின் நினைவில் இத்தகைய இழப்புகளின் நிழல் இருக்கலாம். ஆனால் அந்த இழப்புக்கு அரியலூர்ச் சிப்பி சாட்சி ஆகாது. அது கடல்கொண்ட நிலத்தின் பொருள் அன்று. நிலம் கொண்ட கடலின் பொருள். நேர் எதிர்.

பெயர்ப்பற்று நம்மை வழுக்கிவிடுவதற்கு இன்னோர் எடுத்துக்காட்டும் இதே மண்ணில் உண்டு. 1979இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் திருச்சிராப்பள்ளித் தொகுதியில் கிடைத்த எலும்புகளை, முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசார் வகை டைனோசருடையவை என்று கருதி 'திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி' என்று பெயரிட்டனர். திராவிடப் பல்லி! மேடைகளில் அதை முழங்கியவர்களை நான் கேட்டிருக்கிறேன். 1996இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் அவ்வெலும்புகளை ஆராய்ந்து, அவை பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வனவின் எச்சங்கள் என்று எழுதினர். யோசித்தால் இதில் வியப்பில்லை, அது கடற்படிவு. பெயரில் திராவிடம் இருக்கிறது, பிளான்ஃபோர்ட் இருக்கிறார், டைனோசர்தான் இல்லை. 2020இல் பெரம்பலூர் மாவட்டத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்தனவென்று பரவிய செய்தியும் இவ்வகையே. அவை கடற்படிவில் உருண்டு திரண்ட கற்கோளங்கள்.

மெய்யான டைனோசர் கல்லங்குறிச்சிக்கு மேலடுக்கில், கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் படிய வைத்த கல்லமேட்டு மணற்பாறையில் இருந்தது. 1987இல் மேற்கூறிய இருவரே அதற்கு புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். பேருடல் கொண்டது என்பது பொருள். அதன் கணைக்கால் எலும்பு 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. ஊன் உண்ணும் விலங்கு என்று முதலில் கருதப்பட்டுப் பின்னர் நெடுங்கழுத்துடைய தாவர உண்ணி என்று கொள்ளப்பட்டது. பூமியில் நடந்த உயிர்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். ஏனெனில் அவ்வெலும்புகள் நொய்ந்தவை. மழையிலும் ஈரத்திலும் பொடிந்து இல்லாமற் போயின. எஞ்சியவை சில வரைபடங்கள். 2022இல் வெளியான பழைய நிழற்படங்கள். பொய்யான திராவிடப் பல்லிக்கு எலும்பு இருக்கிறது. மெய்யான பேருடலுக்கு இல்லை.

கல்லமேட்டுக்கும் மேலே நினியூர்ச் சுண்ணாம்புக்கல். மூன்றாம் முறை கடல் வந்து கட்டிய மேடை அது. அதிலுள்ள பாசிகளை எல். ராமராவும் ஜூலியஸ் பியாவும் 1936இல் விவரித்தனர். அம்மோனைட்டுகள் அங்கே இல்லை. பெருவிலங்குகளோடு அவையும் பூமியை விட்டு மறைந்துவிட்டன. அவற்றின் உறவான நாட்டிலஸ் மட்டும் அதில் தொடர்கிறது. யார் பிழைப்பார், யார் மறைவார் என்பதற்குக் கடல் காரணம் சொன்னதில்லை.

சுரங்கங்களைப் பற்றி ஒரு சொல். முன்பெல்லாம் நம் ஊர்களில் கிளிஞ்சலைக் காளவாயில் இட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். சிமெண்டு ஆலை செய்வதும் ஏறக்குறைய அதுவே. இது ஏழு கோடி ஆண்டுக் கிளிஞ்சல், அவ்வளவே வேறுபாடு. அரியலூர்ச் சுற்றுவட்டாரத்தில் பல ஆலைகள் இயங்குகின்றன. நாம் வாழும் வீடுகளின் சுவரிலும், நம் வட்டம் கூடும் மன்றத்தின் கூரையிலும் கல்லங்குறிச்சிக் கடல் இருக்கக்கூடும். சுரங்கத்தைத் திட்டிவிட்டுப் போவது எளிது. சுரங்கம் வெட்டாமல் இருந்தால் கல்லக்குடிப் பவளமேடையின் உள்முகத்தை எவரும் கண்டிருக்க மாட்டார் என்பதும் உண்மை. வெட்டும்போதே படிக்கவும் வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சிறு முகத்தையாவது வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். வாரணவாசியில் அருங்காட்சியகம் எழுந்திருப்பது நன்று. ஆனால் கண்ணாடிப் பேழையில் வைத்த சிப்பி தனிச்சொல். அடுக்கில் இருக்கும் சிப்பிதான் தொடர்.

அத்தனிச்சொல்லின் குறை எனக்குத் தெரியும், ஏனெனில் நானே அதைச் செய்தவன். மேசைச் சிப்பியை இளமையில் ஒரு சுரங்க விளிம்பில் எடுத்தேன். அழகாயிருந்தது, பையில் போட்டுக்கொண்டேன். எந்த அடுக்கு, தரையிலிருந்து எத்தனை முழம், மேலே என்ன கல், கீழே என்ன கல் என்று ஒரு வரியும் குறிக்கவில்லை. நிலவியல் பயின்ற ஒருவரிடம் பின்னாளில் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல சிப்பி ஐயா. ஆனா இது எங்கே இருந்ததுன்னு தெரியாம, இதை வெச்சு நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

சென்ற ஆண்டு அந்த இடத்தைத் தேடிப் போனேன். சுரங்கம் கீழே இறங்கி, கைவிடப்பட்டு, மழைநீர் தேங்கிப் பச்சை ஏரியாகிவிட்டிருந்தது. நான் நின்ற விளிம்பு அந்த நீருக்கு மேலே, காற்றில், எங்கோ இருந்திருக்க வேண்டும். திரும்பி வந்து ஒரு துண்டுத் தாளில் 'கல்லங்குறிச்சி. அடுக்கு தெரியவில்லை' என்று எழுதிச் சிப்பியின் கிண்ணத்துக்குள் மடித்து வைத்தேன்.